பன்னிரண்டாம் நம்பர் ஜோடி

ஜோடியக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி எங்கள் தெருவில் விசாரித்தால் ஒருத்தரும் வழி காட்ட மாட்டார்கள். ஜோடியக்கா கடை என்று கேட்டால் ஆஸ்பத்திரி வாட்ச்மேனே கையைப் பிடித்து அழைத்து வந்து விடுவார். ராணுவ ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு நேர் எதிரே, என் தையல் கடையை ஒட்டி இருக்கிறது அந்தச் செருப்புக் கடை. இரண்டு கடைக்கும் நடுவே பெயருக்கு ஒரு சுவர். அவள் தும்மினால் எனக்குக் கேட்கும். நான் துணி கொடுத்தவரிடம் நாளைக்கு ரெடி என்று புளுகினால், "டெய்லரண்ணே, போன வாரமும் இதையேதான் சொன்னீங்க" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பாள்.

அந்தக் கடையின் விசேஷம், ஒரு கால் போனவர்களுக்கும் அங்கே ஷூ கிடைக்கும் என்பது. அதற்காக ஒற்றை ஷூ விற்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். மிச்ச ஷூவை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? ஜோடியைத்தான் விற்பாள், ஆனால் இரண்டு பேருக்கு. இடது கால் போனவர் ஒருவர், வலது கால் போனவர் ஒருவர், இருவருக்கும் ஒரே அளவு. ஆளுக்குப் பாதி விலை, ஆளுக்கு ஒரு ஷூ. அந்தப் பொருத்தமான ஆளைத் தேடிப் பிடித்துச் சேர்த்து வைப்பதுதான் அவள் பிழைப்பு. கல்யாணத் தரகருக்குக்கூட இவ்வளவு அலைச்சல் கிடையாது என்று நான் கிண்டல் செய்வேன். "தரகர் ஒரு தடவை சேத்து வெச்சா வேலை முடிஞ்சுது. நான் சோல் தேயத் தேயச் சேத்து வைக்கணும்" என்பாள்.

ஆரம்பித்து வைத்தவர் அவள் அப்பா. வடக்கே ஒரு மலைக்காக இரண்டு நாடுகள் அடித்துக்கொண்டு ஓய்ந்த சமயம் அது. ஒரு சிப்பாய் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து, வலது கால் ஷூ மட்டும் வேண்டும் என்றானாம். "இன்னொண்ண நான் தலையில வெச்சுக்கறதா?" என்று பெரியவர் எரிந்து விழுந்திருக்கிறார். மகளின் வாய் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? சிப்பாய் திரும்பிப் போனான். கொஞ்ச நேரத்தில் வார்டிலிருந்து இடது கால் மட்டும் உள்ள இன்னொருவனை இழுத்துக்கொண்டு வந்து நின்றான். அளந்து பார்த்தால் இரண்டும் ஒரே அளவு.

போட்டுப் பார்த்துவிட்டு அவர்கள் கட்டையை ஊன்றி எழப் போக, பெரியவர் கட்டைகளைப் பிடுங்கி மூலையில் சாத்திவிட்டார். கக்கத்துக் கட்டை உடம்புப் பாரத்தை வாங்கிக்கொள்ளும், ஷூ கடிப்பது அப்போது தெரியாது, வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். "ஒருத்தன் தோளை ஒருத்தன் பிடிச்சுக்கிட்டு எழுந்திரிங்க. வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வாங்க. கடிச்சா சொல்லுங்க" என்றார். அன்றிலிருந்து அதுதான் கடையின் முறை. இல்லாத கால்கள் இரண்டும் நடுவில் வரும்படி பெஞ்சில் உட்கார வேண்டும். இருக்கிற கால்கள் வெளிப்பக்கம். கழுத்தைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டு எழுந்தால், இரண்டு பேரும் சேர்ந்து கொஞ்சம் அகலமான ஒரே ஆள் மாதிரி இருப்பார்கள்.

அந்த முதல் ஜோடியில் ஒருவன் மலைக்கு இந்தப் பக்கம் நின்று சுட்டவன், மற்றவன் அந்தப் பக்கம் நின்று சுட்டவன். அவர்கள் போன பிறகுதான் பெரியவருக்கு அது தெரிந்ததாம். பெஞ்சில் உட்கார்ந்தவரிடம் கால் அளவைத் தவிர வேறெதையும் கேட்பதில்லை என்று அதையும் ஒரு முறையாக வைத்துக்கொண்டார்.

எங்கள் கண்டத்தில் சண்டைக்கு என்ன பஞ்சம்? மலைக்கு ஒன்று முடிந்தால் துறைமுகத்துக்கு ஒன்று. அது ஓய்ந்தால் எங்கேயோ ஒரு ராஜா ஓடிப் போயிருப்பார், அவர் விட்டுப் போன நாற்காலிக்கு ஒன்று. பேப்பரில் பெரிய பெரிய பெயராகப் போடுவார்கள். எல்லை மீட்புப் போர், தன்மானப் போர், இறுதிப் போர் என்று. இறுதிப் போர் மட்டும் எனக்குத் தெரிந்து மூன்று நடந்துவிட்டது. ரயில் எங்கள் ஊரோடு முடிவதாலும் இந்த ஆஸ்பத்திரி பெரியது என்பதாலும் எல்லாச் சண்டையிலிருந்தும் இங்கே ஆட்கள் வந்து இறங்கினார்கள். மலைச் சண்டைக்காரர்களுக்குப் பனியில் விரல்கள் உதிர்ந்திருந்தன. துறைமுகத்தில் எண்ணெய்க் கப்பல்கள் எரிந்ததால் அங்கிருந்து வந்தவர்கள் வெந்து வந்தார்கள். தெற்கே ஒரு நாடு மூன்றாக உடைந்தபோது சிப்பாய்களைவிடப் பால்காரர்களும் பள்ளிக்கூட டீச்சர்களும்தான் அதிகம் வந்தார்கள்.

அந்த உடைசலுக்குப் பிறகு ஜோடியக்காவின் பழைய ஜோடிகள் பல, இடது கால் ஒரு நாட்டிலும் வலது கால் வேறு நாட்டிலுமாகப் பிரிந்துபோயின. லாரி டிரைவர்களின் கையைக் காலைப் பிடித்து ஒற்றை ஷூக்களைக் கொடுத்தனுப்புவாள். செக்போஸ்டில் அதைப் பார்த்ததும் சந்தேகப்பட்டு சோலைப் பிரித்துப் பார்ப்பார்களாம். "ஒத்தை ஷூவுல எவன்டா குண்டு கடத்துவான்?" என்று இங்கே உட்கார்ந்துகொண்டு அவர்களைத் திட்டித் தீர்ப்பாள். எனக்கும் இதில் பங்கு உண்டு. அவள் ஷூ விற்ற ஆளுக்கு நான் பேண்ட்டின் ஒரு காலை மடித்துத் தைத்துக் கொடுப்பேன். வேலை குறைச்சல்தான்.

அப்பா போன பிறகு கடை அவள் கைக்கு வந்தது. கூடவே தம்பியும் வந்தான். அம்மா அதற்கு முன்பே இல்லை. தனக்கு வந்த வரன்களை எல்லாம் "இவனுக்கு ஒரு வழி பண்ணிட்டுப் பாக்கலாம்" என்று தள்ளித் தள்ளிப் போட்டாள். ஒரு கட்டத்தில் வரன்கள் வருவது நின்றுபோனது. தம்பி என்னவோ ஓங்குதாங்காக வளர்ந்தான். கால் பன்னிரண்டாம் நம்பர். "உனக்கு ஷூ வாங்கறதா, படகு வாங்கறதாடா?" என்று கேட்டுக்கொண்டே அவனுக்கென்று தனியாகச் செய்யச் சொல்லி வாங்கிப் போடுவாள். ஆற்றுச் சண்டை தொடங்கி ஆள் எடுக்க வந்தவர்கள் அவன் உயரத்தைப் பார்த்தார்கள், வேறெதையும் பார்க்கவில்லை.

எங்கள் ஊருக்குக் கிழக்கே ஆறு. அக்கரை வேறு நாடு. பேச்சு ஒன்றுதான், அவர்கள் கடைசிச் சொல்லைக் கொஞ்சம் இழுப்பார்கள். ஆற்றின் நடுவில் ஒரு மணல் திட்டு இருந்தது, அது யாருக்கு என்பதுதான் தகராறு. வெள்ளம் வரும்போதெல்லாம் திட்டு இடம் மாறும், சமயத்தில் காணாமலே போகும். அந்த மண்ணுக்காகத்தான் இரண்டு கரையிலும் கண்ணிவெடி புதைத்தார்கள். தம்பி டெலிபோன் கம்பி இழுக்கப் போன இடத்தில் ஒன்றை மிதித்தான். இடது கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் தையல் பிரித்துக் கடைக்குப் பின்னால் இருக்கும் அறைக்கு அவனை அழைத்து வந்த அன்று நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தேன். கட்டிலில் உட்கார்ந்ததும் ஒன்று சொன்னான். "அக்கா, அக்கரைக்காரன் சம்பந்தப்பட்டது எதுவும் என் கண்ணுல படக்கூடாது." பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். எத்தனையோ மாதம் அந்தச் சுவரையேதான் பார்த்தான். வெளியே வாடா என்றால், "எதை மாட்டிக்கிட்டு வர்றது?" என்று கேட்பான். அது சாக்கு என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் கேள்வி நியாயமானது. பன்னிரண்டாம் நம்பர் காலுக்கு ஜோடிக்காரன் எங்கே கிடைப்பான்?

ஜோடியக்கா வார்டு வார்டாக அலைந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள் என்பார்களே, அப்படித் தேடினாள். ஒன்பது கிடைத்தது, பத்து கிடைத்தது. பதினொன்றில் ஒருவர் கிடைத்தார், அவருக்கும் இல்லாதது இடது கால்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, ஒரு ஜோடி செய்யச் சொல்லு. இடதைத் தூக்கிக் குப்பையில போடு. எதுக்கு இந்த அலைச்சல்?"

"அவன் இந்த பெஞ்சுக்குக் கீழ தவழ்ந்து வளந்தவன் அண்ணே. தனியா ஒண்ணக் குடுத்தா, பாவம் பாத்துக் குடுக்கறதாத்தான் நினைப்பான். ஜோடின்னு ஒருத்தன் இருந்தாத்தான் வாங்கின மாதிரி இருக்கும்" என்றாள். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய் மூக்கைச் சிந்தினாள். சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது.

கடைசியில் கிடைத்தான். கிடைத்த இடம்தான் வம்பு. ஆஸ்பத்திரி மேல்மாடியில் கைதிகள் வார்டு, வாசலில் காவல். நர்ஸ்களுக்குச் செருப்பு கொடுக்கப் போன ஜோடியக்கா திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தாள். கட்டிலுக்குள் அடங்காமல் ஓர் இடது கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காவல்காரரைத் தள்ளிக்கொண்டு போய் ஜாணால் அளந்தே பார்த்துவிட்டாள். தூங்கிக்கொண்டிருந்தவன் அலறியடித்து எழுந்தான். "வெட்டறதுக்கு வரல, படுப்பா. ஷூ வேணுமா?" என்று கேட்டாளாம்.

அக்கரைக்காரன். எங்கள் வசதிக்கு நெட்டையன் என்று வைத்துக்கொண்டோம். அவனிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. என் தம்பி, ஆற்றுச் சண்டையில் போன கால், உங்கள் பேரையே எடுக்கக்கூடாது என்கிறான் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சரி என்றான். தம்பியிடம் மட்டும் வேறு கதை சொன்னாள். தெற்கே சுண்ணாம்புச் சூளையில் வேலை செய்கிற ஒருவர், விபத்தில் கால் போய்விட்டது.

"பெஞ்சுக்கு வரலையா?" என்று தம்பி கேட்டது சுவர் வழியாக வந்தது.

"உடம்பு சரியில்லையாம். அப்புறமா வருவாரு."

அப்பா வைத்த முறையை அவள் மீறியது அந்த ஒரு தடவைதான்.

தம்பி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து புது ஷூவின் லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினானாம். மறுநாள் காலையில் வாசல் வரை வந்தான். அந்த வாரமே என் கடைப் படியில் உட்கார்ந்து டீ குடித்தான். நான் குனிந்து தைப்பதுபோல் இருந்துகொண்டேன், கண்ணைத் துடைத்தால் கிண்டல் செய்வான் என்று பயம். அப்புறம் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர் வேலை கிடைத்தது. எந்த பஸ் எப்போது புறப்படவேண்டும் என்று விசில் ஊதி அனுப்புகிற வேலை. பழைய அதட்டல் திரும்பி வந்தது. சூளைக்காரர்மேல் அவனுக்குத் தனிப் பாசம். "அவரு ஷூ எப்படித் தேயுது? குதிகால்ல தேயுதா?" என்று விசாரிப்பான். சம்பளம் வாங்கிய அன்று அக்காவைக் கூட்டிப் போய் ஒரு ஜோடி சாக்ஸ் வாங்கி, ஒன்றைத் தான் போட்டுக்கொண்டு மற்றதை அவருக்குக் கொடுத்தனுப்பினான். மேல்மாடியிலிருந்து பதிலுக்கு ஒரு ஷூ மாட்டும் கரண்டி வந்தது. மரத்தில் செதுக்கியது. தம்பி அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு திரிந்தான்.

இரண்டு நாடும் கைதிகளை மாற்றிக்கொள்ளப் போகின்றன என்ற செய்தி வந்தது. ஜோடியக்கா அவசரமாக ஒரு புது ஜோடி செய்யச் சொல்லி, இடதை எடுத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போனாள். நெட்டையன் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டான். "இத்தனை நாள் போட்டுட்டேன் அக்கா. ஒரு தடவைகூட அந்த பெஞ்சுல உக்காரல. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி உக்காரணும். இல்லாட்டி திருடிட்டுப் போற மாதிரி இருக்கும்."

வேறு வழியில்லாமல் தம்பியிடம் உண்மையைச் சொன்னாள். அவன் ஷூவைக் கழற்றினான், கரண்டியை அதற்குள் போட்டான், இரண்டையும் அறைக்கு வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

அன்று அவள் போட்ட சத்தம் ஆஸ்பத்திரி வரை கேட்டிருக்கும். "பொய் சொன்னது தப்புதான்டா. செருப்பாலயே அடி, கடையில வேணுங்கற அளவு இருக்கு. ஆனா இத்தனை நாள் நீ நடந்தது பொய்யா? இந்த பெஞ்சுல மலைச் சண்டைக்காரன் உக்காந்தான், துறைமுகத்துக்காரன் உக்காந்தான், மூணா உடைஞ்ச நாட்டுல மூணு துண்டுக்காரனும் உக்காந்தான். யார்கிட்டயாவது அப்பா கேட்டிருக்காரா, நீ எந்தக் கட்சின்னு? உன் கால் போனதும் அப்பா வெச்ச முறை மாறிடுமா?" கதவு திறக்கவில்லை. வேலைக்குப் போகவில்லை. மறுபடியும் சுவர்தான். அவளை அப்படி ஒடிந்துபோய் நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. ஷூவைப் போட்டுக்கொடுத்து எழுப்பிய நானே திரும்பப் படுக்க வைத்துவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

கைதிகள் கிளம்புகிற அன்று காலை நெட்டையன் கட்டையை ஊன்றிக்கொண்டு கடைக்குள் வந்தான். காவலுக்கு வந்தவரும் ஜோடியக்காவிடம் செருப்பு வாங்குகிறவர்தான். "ஒரு டீ குடிக்கிற நேரம்தான் அக்கா, வண்டி நிக்குது" என்றார். நெட்டையன் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டான். நான் கத்திரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தேன்.

அறைக் கதவு சாத்தியே இருந்தது. காவல்காரர் டீயைக் குடித்து முடித்தார். ஜோடியக்கா இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "எந்தப் பக்கம் இருந்த?"

"ஆத்தோட மேல் வளைவுல" என்றான் நெட்டையன். "சமையல்காரன். தண்ணி எடுக்க இறங்கினேன்."

"எங்காளுங்க வெச்ச வெடியா?"

"யாருக்குத் தெரியும்? உங்காளுங்களோ எங்காளுங்களோ. வெச்சவனுக்கே எங்க வெச்சோம்னு நினைவிருக்காது."

காவல்காரர் இரண்டாவது டீயின் அடியைப் பார்த்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார். நெட்டையன் கட்டையை எடுத்தான். எழப் போகிறவன், கதவைப் பார்த்துச் சொன்னான். "சாக்ஸ் நல்லா கதகதப்பா இருந்துச்சு. ரொம்ப தேங்க்ஸ். அந்தப் பச்சைக் கலர்தான் சகிக்கல."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. "அது அக்கா எடுத்த கலர்" என்றது குரல். "நான் அப்பவே வேணாம்னேன்."

கதவு திறந்தது. தம்பி தாடியும் அழுக்குச் சட்டையுமாக, வெறுங்காலோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். நெட்டையனைப் பார்க்கவில்லை. பெஞ்சின் வலது ஓரத்தில் உட்கார்ந்தான். ஜோடியக்கா மண்டியிட்டு, ஆளுக்கு ஒன்றாகப் புது ஷூவை மாட்டினாள். கட்டையைப் பிடுங்கி மூலையில் சாத்தினாள். அவர்கள் தோளைப் பிடித்து எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்கள்.

"கடிக்குதா?"

"இல்லக்கா" என்றார்கள் இருவரும். அவ்வளவுதான், காவல்காரர் நெட்டையனை அழைத்துக்கொண்டு போய்விட்டார். தம்பி குனிந்து பழைய ஷூவுக்குள்ளிருந்து கரண்டியை எடுத்துப் பையில் செருகிக்கொண்டான்.

பிறகு கொஞ்ச காலம் நன்றாகவே போயிற்று. ஆற்றின்மேல் பாலத்தைத் திறந்தார்கள், அக்கரைக்கு பஸ் விட்டார்கள். அந்த பஸ்ஸை விசில் ஊதி அனுப்பியது தம்பிதான். அதன் டிரைவர் அவன் கூட்டாளி. புது ஜோடி வரும்போது நெட்டையனுக்கான இடதை டிரைவர் கையில் கொடுத்தனுப்புவான். பதிலுக்கு அங்கிருந்து பாதிப் பணமும் ஏதாவது வசவும் வரும்.

ஒரு நாள் காலை அக்கரையிலிருந்து பீரங்கிக் குண்டு வந்து பாலத்தை நடுவில் உடைத்தது. பாலத்தின்மேல் அந்த பஸ் இருந்தது. தம்பி விசில் ஊதி அனுப்பிய பஸ். வேறு யாரோ சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. தம்பி கடைக்கு வந்தான், அடுத்த பஸ்ஸில் அனுப்ப வைத்திருந்த புது இடது ஷூவை எடுத்தான், தெருவில் இறங்கி, ஓடுகிற சாக்கடையில் எறிந்தான். டிரைவரின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதான். அவன் செய்தது எனக்குத் தப்பாகவே தெரியவில்லை. அன்று என் கையில் கிடைத்திருந்தால் நானும் எதையாவது எறிந்திருப்பேன்.

பாலச் சண்டை பல வருஷம் இழுத்தது. இந்தத் தடவை கண்டத்தில் பாதி நாடுகள் உள்ளே குதித்தன, ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று. ஜோடியக்காவின் தலை நரைத்தது. தம்பிக்கு ஒரு ஜோடி செய்து வாங்குவாள், அவன் வலதை எடுத்துக்கொள்வான். இடது என்ன ஆகிறது என்று அவள் கேட்கவில்லை. அறையைக் கூட்டும்போது கட்டிலுக்கு அடியில் சணல் பையில் அவை சேருவதைப் பார்த்தாள். "பாத்ததா காட்டிக்காதீங்க அண்ணே. காட்டிக்கிட்டா வீம்புக்கு எறிஞ்சிடுவான்" என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

சண்டை எப்படி நின்றது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. களைத்துப் போயிருப்பார்கள். பாலம் இல்லை, படகு விட்டார்கள். படகு விட ஆரம்பித்த சில நாளில் ஒருவன் தோளில் மூட்டையோடு கட்டையை ஊன்றிக்கொண்டு தெருவில் வந்தான். உயரத்தை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. முடி எல்லாம் கொட்டியிருந்தது. நேரே வந்து பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார்ந்து, மூட்டையை அவிழ்த்துக் கொட்டினான்.

எல்லாம் வலது கால் ஷூக்கள். பன்னிரண்டாம் நம்பர். ஒரு வருஷத்து ஷூ ஒழுங்கான தோல், ஒரு வருஷத்தது கித்தான். ஒன்று லாரி டயரில் வெட்டி வார் கோத்த செருப்பு. நான் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

"அந்த வருசம் ஊர்ல கடையே இல்ல. நானே வெட்டிக்கிட்டேன்" என்றான் நெட்டையன். "டயர் இருந்துச்சு, வலதையும் சேத்து வெட்டி வெச்சேன்."

ஜோடியக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தம்பிக்குச் சொல்லி அனுப்பினோம். பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்தவன் வாசலிலேயே நின்று பெஞ்சைப் பார்த்தான். பிறகு உள்ளே போய் சணல் பையை இழுத்து வந்தான். இடது ஷூக்களை ஒவ்வொன்றாக எடுத்து நெட்டையனின் வலது ஷூக்களுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"ஒண்ணு குறையும்" என்றான். முகத்தை நிமிர்த்தவில்லை. "பாலம் உடைஞ்ச அன்னிக்கு. உன் மேல கோவம். சாக்கடையில எறிஞ்சிட்டேன்."

நெட்டையன் பெஞ்சைப் பார்த்தபடி தலையாட்டினான். "நான் ரெண்டு எறிஞ்சேன்" என்றான். "எங்க ஊர்ல மார்க்கெட் மேல குண்டு போட்டீங்களே, அப்ப ஒண்ணு. என் தங்கச்சி வீட்டுக்காரர் போனப்ப ஒண்ணு."

நான் டீ சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஜோடியக்கா மட்டும் எழுந்தாள். அந்த வயசில் ஸ்டூல்மேல் ஏறி, பரணில் கையை விட்டு, பேப்பர் சுற்றிய ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பேப்பரைப் பிரித்தாள். உள்ளே ஓர் இடது ஷூ. தண்ணீரில் ஊறிக் காய்ந்து தோல் விறைத்திருந்தது, பாலிஷ் மட்டும் புதிதாகப் போட்டிருந்தது. அன்று சாக்கடையில் இறங்கி அவள் அதை எடுத்தது பக்கத்துக் கடையில் இருந்த எனக்கே தெரியாது. அத்தனை வருஷமும் பரணில் வைத்து அதற்குப் பாலிஷ் போட்டு வந்திருக்கிறாள்.

தம்பி அதைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டான். அவள் ஷூவைப் பெஞ்சில் டொக்கென்று வைத்தாள்.

"கோவம் உன்னோடது, நீயே வெச்சுக்கோ. ஷூ அவனோடது."

மண்டியிட்டு அதையே நெட்டையனின் காலில் மாட்டினாள். தம்பி வலது ஓரத்தில் உட்கார்ந்து, குவியலிலிருந்து அந்த டயர்ச் செருப்பைத் தேடி எடுத்துத் தன் காலில் போட்டுக்கொண்டான். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஜோடி. அவள் கட்டைகளைப் பிடுங்கி மூலையில் சாத்தினாள். இரண்டு பேரும் கழுத்தைக் கட்டிக்கொண்டு எழுந்தார்கள். வாசலை நோக்கி நொண்டியதில் நெட்டையனின் முகம் சுளித்தது.

"கடிக்குதா?" என்றாள்.

"கடிக்குதுக்கா."

"கடிக்கத்தான் செய்யும். நடக்க நடக்கச் சரியாயிடும். வாசல் வரைக்கும் போய்ட்டு வாங்க."